பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில்

டனீடினில் ஜூன் மாதம்.
ஐந்து மணிக்கே இருட்டிவிடும்; ஜன்னலில் ஆலங்கட்டி.
சிறுவர் எலும்புப் பிரிவில் எனக்கு இரவுப் பணி.
பன்னிரண்டாம் படுக்கையில் மோர்வென்னா:
வளைந்த முதுகெலும்பு, வியாழன் காலை அறுவை.
பதின்மூன்றில் ரேவி:
ரக்பியில் முறிந்த கால் வாரில் தொங்குகிறது,
கசாப்புக் கடையில் விலைபோகாத தொடை மாதிரி.
உவமை அவனுடையது. நான் பல்ஸ் மட்டும்தான் பார்த்தேன்.

நடுவில் ஒரு நீலத் திரை.
இந்தப் பக்கம் 'கடல்மணி'. அந்தப் பக்கம் 'நிழல்வரி'.

கடல்மணியில் ஒரு தீவு. அலைக்கடியில் ஒரு மணி.
தினமும் ஒருத்தி மூழ்கிப் போய் அதை அடிக்க வேண்டும்.
அடிக்காத அன்று கடல் எழுந்து வந்து
கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்துகொள்ளும்.
பதினொரு பாகங்கள். வருஷத்துக்கு ஒன்று,
கோழி முட்டையிடுகிற ஒழுங்கில்.

நிழல்வரியில் பதினாறு வயதானால்
நிழலை வெட்டி அரண்மனையில் கட்ட வேண்டும்.
மறுத்தவர்களுக்கு இரவு மட்டும்தான் சொந்தம்;
வெயிலில் அவர்கள் நிழலே காட்டிக்கொடுத்துவிடும்.
நான்கு பாகங்களோடு நிற்கிறது.
ஐந்தாவதுக்கு ஏழு வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.
எழுதுகிறவர் இப்போது தேனீ வளர்க்கிறாராம்.

"உன் கதையில யாருமே சாக மாட்டாங்க."
"உன் கதையில யாருமே குளிக்க மாட்டாங்க."
திரை வழியே இப்படித்தான், மாத்திரை நேரம் வரைக்கும்.
தின்பவர்களுக்கும் பசித்தவர்களுக்கும்
ஒரே பந்தியில் இடம் போட்டால் வேறென்ன நடக்கும்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படைகளும் வந்தன.
அவள் தோழிகளின் ஷூ லேஸ்களில் குட்டிப் பித்தளை மணிகள்,
நடைபாதை முழுக்கக் கிணுகிணுப்பு.
அவன் கூட்டாளிகளின் குதிகாலில் மையால் ஒரு கோடு:
நிழல் ஒட்டியிருக்கும் இடமாம், வெட்ட விடமாட்டார்களாம்.
மாவுக்கட்டிலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.
தலைமைச் செவிலி ஹார்ஜஸ்ட் மணிகளுக்குத் தடை விதித்தார்.
பூனைக்கு மணி கட்டுவதுதான் கஷ்டமென்று நினைத்திருந்தேன்;
பதினைந்து வயதுப் பெண்ணிடமிருந்து
அவிழ்த்துப் பாருங்கள் ஒருமுறை.

புதன் இரவு மூன்று மணி.
திரைக்குப் பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம்.
ரேவியின் மார்பில் குப்புறக் கிடந்தது
கடல்மணி, முதல் பாகம்.
"குத்தம் கண்டுபிடிக்கத்தான்," என்றான்.
"எத்தனாவது பக்கம்?"
"இருநூத்திப் பன்னிரண்டு."
குற்றம் தேடுகிறவன்
இருபதாம் பக்கத்திலேயே திருப்தியாகியிருப்பான்.
நான் ரத்த அழுத்தம் எழுதிக்கொண்டேன். கொஞ்சம் கூடுதல்.
"அவகிட்ட சொல்லிடாதீங்க."

வியாழன் காலை அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
மணி ஒரு பிளாஸ்டிக் பையில்,
மேலே பெயரும் எண்ணும் ஒட்டி, என் கையில்.
ரேவி தூங்குவதுபோல் கிடந்தான்.
தூங்குகிறவன் கழுத்து அவ்வளவு விறைப்பாக இருக்காது.

ஏழு மணி நேரம்.
என் பணி காலையிலேயே முடிந்திருந்தது;
கோட்டு மாட்டியபடி அங்கேயே இருந்தேன்.
கண் விழித்தபோது உதடு காய்ந்து, நாக்குழறி,
அவள் கேட்ட முதல் வார்த்தை:
"அஞ்சாவது வந்துடுச்சா?"
அறுவை மருத்துவர் குனிந்து பொறுமையாக விளக்கினார்,
ஐந்தாவது முள்ளெலும்பு மிக நன்றாக
இருக்கிறது என்று.
அவள் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

பேருந்தில் வீடு திரும்புகிறேன்.
ஒரு பாக்கெட்டில் ஒன்று, இன்னொன்றில் மற்றது,
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
என்னைக் கேட்டால்,
கடல்மணியின் வில்லன் அளவுக்கு மீறிப் பேசுகிறான்.
நிழல்வரியின் வரைபடத்தில் வடக்கு எதுவென்று தெரியவில்லை.
தூங்கியே ஆக வேண்டும், இரவு மறுபடி பணி.
ஆனால் பக்கம் மடித்த இடத்தில்
அந்தப் பெண் இன்னும் தண்ணீருக்கடியில் இருக்கிறாள்.